கூடை அஞ்சம்மாள் வாங்காத கடன்

அஞ்சம்மாள் எந்தக் காகிதத்தையும் சட்டென்று தொட்டுவிட மாட்டார். முதலில் மீன்கூடையை வாசலுக்கு வெளியே, சாக்கடை மூடியின் மேல் இறக்கிவைப்பார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பிழிந்த எலுமிச்சம்பழத் தோல் ஒன்றை எடுப்பார். விரலிடுக்கு, நகக்கண், உள்ளங்கை ரேகை என்று ஓரிடம் விடாமல் தேய்ப்பார். பாட்டிலில் இருந்து கொஞ்சமாகத் தண்ணீர் சாய்த்துக் கழுவி, முந்தானையின் உள்பக்கத்தில் துடைத்து, ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகும் காகிதத்தை நடுவில் பிடிப்பதில்லை. இரண்டு மூலைகளை மட்டும், கோலப்பொடி எடுப்பதுபோல் விரல்நுனியால் பிடிப்பார். நான் அவருக்கு எடுத்துக்கொடுத்த நூறு ஜெராக்ஸ்களில் ஒன்றில்கூட மீன் வாசனை இருந்ததில்லை. எலுமிச்சை வாசனைதான்.

பொன்னேரி ஸ்டேஷன் சாலையில் என் மாமாவின் நெட் சென்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் இல்லாதபோது மேசைக்கு அடியில் வைத்து ஏதாவது படிப்பேன். அதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"இன்னா நைனா அது?"

"கவிதைக்கா."

புத்தகத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். "பேப்பர்ல பாதி காலியா கீதே. முழு துட்டு குடுத்தா வாங்குன?"

அன்றிலிருந்து என்னிடம்தான் வருவார்.

அவருடைய ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். வீட்டுக்காரர் முனுசாமி ஏரியில் வலை போடுகிறார். அவர் கொண்டுவருவது போதாது என்பதால், அஞ்சம்மாள் விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, பஸ் ஏறி, பொன்னேரி வழியாகப் புதுவாயல், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகள் வரை கொண்டுபோய் விற்கிறார். அறைக்குப் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும்தான் அவருடைய நல்ல வாடிக்கை. "மச்லி, தாஜா மச்லி" என்று அவர் கூவுவதைக் கேட்டால் எந்த ஊர்ப் பெண் என்று சொல்ல முடியாது.

விற்பது கஷ்டமில்லை. கொண்டுபோவதுதான் கஷ்டம். "ஓசி டிக்கெட்டு, அதுல லக்கேஜ் வேறயா?" என்று கேட்காத நடத்துநர் குறைவு. லக்கேஜுக்குக் காசு நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். வாங்கினால் ஏற்ற வேண்டியிருக்குமே. போன சித்திரையில் ஒருநாள் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை. பதினோரு கிலோ மடவை வெயிலில் வெந்துபோனது. அதை வாய்க்காலில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாளே தன் தம்பியின் ஷேர் ஆட்டோவில் ஓட்டப் பழக ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதை என்னிடம் கொண்டுவந்து கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் செய்யச் சொன்னார்.

"அக்கா, லைசென்ஸே பிளாஸ்டிக் கார்டுதான். எதுக்கு லேமினேஷன்?"

"ஊட்ல மாட்றதுக்குடா. கெவருமெண்ட்டு என் மூஞ்சப் பாத்து 'ஓட்டு'ன்னு சொல்லிகிது. மாட்ட வேணாமா?"

புதுவாயல் கூட்ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கும் முனிகிருஷ்ணன், நீலநிற லோடு ஆட்டோ ஒன்றைக் காட்டினார். ஒரு லட்சத்து எழுபதாயிரம். ஆடி மாதம் யாரும் வண்டி எடுப்பதில்லை, அதனால் ஐயாயிரம் முன்பணம் வாங்கிக்கொண்டு, "ஆவணி ஒண்ணாந்தேதி பூஜை போட்டு எட்த்துகினு போக்கா. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. ஆவணி பொறந்தா வண்டிக்கு அடிச்சிக்குவானுங்க" என்றார். நாற்பதாயிரம் கையில் இருந்தது. மீதிக்குக் கடன். கடன் கிடைக்காது என்று அஞ்சம்மாளுக்குத் தோன்றவேயில்லை. மகளிர் குழுவில் ஆறு தடவை வாங்கி, ஆறு தடவையும் ஒரு வாரம் தவறாமல் கட்டியவர் அவர்.

ஆடி ஒன்பதாம் தேதி, எலுமிச்சைத் தோலை எடுக்காமலேயே கடைக்குள் வந்தார்.

"பேங்க்ல லோனு கேட்டா ஸ்கோர் இல்லன்றான் நைனா. ஸ்கோருன்னா இன்னா? நான் இன்னா கிரிக்கெட்டா ஆடுறேன்?"

வருஷத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவருடைய போனுக்கு வந்த எண்ணைப் போட்டு இறக்கினேன். பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெரிதாக 548.

"எத்தினிக்கு?"

"தொள்ளாயிரத்துக்குக்கா."

"பாஸா, பெயிலா?"

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஆறு குழுக்கடன்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் மாதக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் 000, 000, 000.

அஞ்சம்மாளின் முகம் சிவந்தது. "இன்னா இது, அல்லாம் சைபரு? ஜொரத்துல படுத்துகினு கெடந்தப்பகூட செவ்வாக்கெழம காலைல நாஷ்டா துன்றதுக்கு முன்ன துட்ட குடுத்து அனுப்பிக்கிறேன். அதுக்கு சைபரா போட்டு வச்சிகிறான், பேமானி?"

"சைபர்னா நல்லதுக்கா. ஒருநாள்கூட தாமதம் இல்லைன்னு அர்த்தம்."

"ஒழுங்கா கட்னவளுக்கு முட்டையா? நல்லா கீதுடா உங்க கணக்கு. கட்டாதவளுக்கு இன்னா போடுவான்?"

அதற்கான பதில் அடுத்த பக்கத்தில் இருந்தது. ஏழாவது கடன். அறுபத்திரண்டாயிரம். முதல் நான்கு கட்டங்களில் 000. அப்புறம் 30. 60. 90. 120. கடைசிக் கட்டத்தில், வசூலாகாது என்று எழுதிக்கழித்துவிட்டதாக ஒரு குறிப்பு.

"இது யாருது?" என்றார்.

"உங்க பேர்ல இருக்குக்கா."

"நான் வாங்கல."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் வருவதற்கு முன்னால் இருக்கும் அமைதி அது. நான் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போய் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர் எல்லாம் சரி. வாக்காளர் அடையாள எண் என்ற இடத்தில் மட்டும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்றை அவர் பார்த்ததே இல்லை. ஓர் ஆளுக்கு இரண்டு வாக்காளர் எண் இருக்காதே என்று அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத் தயாரித்த எவருக்கும் தோன்றவில்லை.

அஞ்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நெட்டை."

அவர்கள் குப்பத்தில் பதினோரு அஞ்சம்மாள்கள். 'அஞ்சம்மா' என்று கூப்பிட்டால் தெருவே திரும்பும். அதனால் இவர் கூடை அஞ்சம்மாள். அந்தப் பெண் நெட்டை அஞ்சம்மாள். அவளுடைய கணவன் பெயரும் முனுசாமி. குழுவில் இவரோடு இருந்தவள்; இரண்டு வருஷத்துக்கு முன் கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோய் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள்.

கடன் கொடுத்த நிறுவனத்தின் கிளை கும்மிடிப்பூண்டியில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. "நீயும் வா நைனா. இங்கிலீஷ்ல ஏதாச்சும் சொல்லி அனுப்பிடுவான்" என்று அஞ்சம்மாள் கூப்பிட்டார். எனக்குப் புது மனிதர்களிடம் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் போனேன். கூடையைக் கீழே வைத்து, செல்போன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, படியேறுமுன் எலுமிச்சைத் தோலை எடுத்துத் தேய்த்தார். அவ்வளவு கோபத்திலும்.

மேலே இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெகன் என்று இருந்தது. அஞ்சம்மாள் தடவிய எலுமிச்சை வாசம் அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"அஞ்சம்மாள். ஹஸ்பெண்ட் முனுசாமி. டேட் ஆஃப் பர்த் ஒண்ணு ஒண்ணு எண்பத்திரண்டு. எல்லாம் மேட்ச் ஆகுதே மேடம்."

"மேட்ச் ஆவாம இன்னா பண்ணும்? ஆதார் கேம்ப்புல எப்ப பொறந்தன்னு கேட்டான். மழைக்காலம்னேன். அவன் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுகினான். எனக்கு மட்டுமா? எங்க குப்பத்துப் பொம்பளைங்க பாதிப் பேரு ஒரே நாள்ல பொறந்துகிறோம். அன்னிக்கு மருத்துவச்சி தண்ணிகூட குடிச்சிருக்க மாட்டா."

ஜெகனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"என்னைய கூடைன்னுவாங்க. அவள நெட்டைன்னுவாங்க. அதப் போட்டுப் பாரு உன் கம்ப்யூட்டர்ல."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்ல மேடம். அது போகட்டும், போன் நம்பரும் உங்களுதுதானே இருக்கு?"

அந்த நேரத்தில் அஞ்சம்மாளுக்கு எது நினைவுக்கு வந்தது என்று பிறகுதான் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன் குழு ஆரம்பித்தபோது பத்துப் பெண்களில் போன் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். இவர்தான் தலைவி. பத்து விண்ணப்பத்திலும் இவருடைய நம்பரையே எழுதினார்கள். 'ஒரு நம்பர் போதும்மா' என்றார் அப்போது வந்த வசூல்காரர். யாருக்கு எந்தத் தகவல் வந்தாலும் இவர்தான் வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

"அது குழு நம்பரு. பத்துப் பேருக்கும் அதான் குடுத்தோம்."

"அப்படிக் குடுக்கக் கூடாது மேடம்."

"உங்க ஆளுதானய்யா குடுக்கச் சொன்னான்!"

"அவர் இப்ப வேலைல இல்ல." ஜெகன் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், உங்க நல்லதுக்கு. புகார் போட்டீங்கன்னா மாசம் ஆகும். பேசாம செட்டில்மென்ட் பண்ணிடுங்க. பதினஞ்சாயிரம் கட்டுங்க. இன்னிக்கே லெட்டர் தர்றேன். ஆவணிக்கு வண்டி எடுத்துடலாம்."

கடிதத்தை அச்சடித்து மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

நாங்கள் படியில் வந்து நின்றோம். அஞ்சம்மாள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். மறுமுனையில் முனுசாமி கத்தியது எனக்கே கேட்டது: "கட்டித் தொலம்மே! வண்டி போச்சுன்னா திரும்ப வருமா? பேஜாரு புடிச்ச வேலை!"

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு நைனா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கட்டினா, கடன் தீர்ந்ததுன்னு வராதுக்கா. குறைச்சுக் கட்டி முடிச்சதாத்தான் வரும். அதுவும் கெட்ட பேருதான். பல வருஷம் இருக்கும். அப்புறம் அது உங்க கடன் இல்லைன்னு எங்கயும் சொல்ல முடியாது."

"நான் வாங்காத கடன நான் கட்டினா, நான் வாங்குனதா ஆயிடும். இல்ல?" என்றார்.

"ஆமாக்கா."

கீழே இறங்கினார். போகிறார் என்று நினைத்தேன். கூடையின் சாக்கை விலக்கி, உருகிய ஐஸ் தண்ணீரில் வலது கையை மணிக்கட்டு வரை விட்டார். செதிலும் ரத்தமுமாகச் சொட்டச்சொட்ட மறுபடி படியேறினார். ஜெகனின் மேசைக்கு நேராகப் போய், அந்தக் கடிதத்தின் நட்டநடுவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். மூலையில் இல்லை.

"இதான் என் கையெழுத்து. உங்க மேனேஜராண்ட காட்டு. மோந்து பாக்கச் சொல்லு. கூடையா நெட்டையான்னு அவனுக்காச்சும் தெரியுதான்னு பாப்போம்."

அங்கிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு நேராக லைன் வீடுகளுக்குப் போனார். நெட்டை அஞ்சம்மாள் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உயரமான, கூனிப்போன பெண். இவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சிரிக்காதடி கஸ்மாலம். உன் பேரும் என் பேரும் ஒண்ணுன்னா உன் யோக்கியதையும் என் யோக்கியதையும் ஒண்ணாடி? நீ வாங்குனது என் தலைல கீது. என் வண்டி போவுது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திக்கித்திக்கிச் சொன்னேன். கேட்டதும் ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணும்னு செய்யலக்கா. வாரம் ஆயிரத்து நானூறு... நாலு மாசம் கட்னேன். அப்பால முடியல."

"முடியாதவ எதுக்குடி அறுபதாயிரம் வாங்குன? குழுவுல பாஞ்சாயிரம் வாங்குனதுக்கே மூக்கால அழுதவதானடி நீ?"

அவள் தலையைக் குனிந்து அதே துணியை மறுபடியும் அலசினாள். அஞ்சம்மாள் காறித் துப்பிவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் அந்த வரிசையில் மீன் கூவவே இல்லை.

அன்று மாலையே ஆட்சேபத்தைப் பதிவு செய்தேன். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்காதாம். கடன் கொடுத்தவரிடம் கேட்குமாம். முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு என்று விதி. அதைப் படித்துச் சொன்னபோது அஞ்சம்மாள், "நூறு ரூபாயா? எனக்கு ஐஸ் வாங்கக்கூட காணாது" என்றார்.

இருபத்துநான்காம் நாள் பதில் வந்தது. 'விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. மாற்றம் இல்லை.' யார் பார்த்தார்கள், எதை வைத்துப் பார்த்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. யாரிடம் தவறு இருக்கிறதோ அவரிடமே போய், தவறு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். முடிந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் ஆவணி ஒன்றாம் தேதி. முனிகிருஷ்ணன் போன் செய்திருந்தார். "அக்கா, டப்பு எட்த்துகினு ஒருத்தன் வண்டி பக்கத்துலயே நிக்கிறான். நானு இன்னா பண்றது, நீயே சொல்லு?" ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீல ஆட்டோ ஒரு தண்ணீர் கேன்காரரிடம் போனது. அடுத்த வாரம் அஞ்சம்மாள் பஸ்ஸின் பின்படியில் கூடையை முழங்காலால் அணைத்து நின்றபோது, அது அவரைத் தாண்டிப் போயிற்று. "என்னைய பாத்து ஆரன் அடிச்சிட்டுப் போறான்டா" என்றார். அந்த ஓட்டுநருக்கு இவர் யாரென்றே தெரியாது. கோபத்துக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

எனக்கும் கோபம்தான். நான் கத்துகிற ஆள் இல்லை. அதனால் பதில் வந்த அன்றே தேடினேன். இரண்டாவது வாக்காளர் எண்ணைத் தேர்தல் இணையதளத்தில் போட்டேன். அதே குப்பம், அதே பெயர், வேறு வரிசை எண். இவருடைய எண்ணுக்கு வேறு வரிசை எண்; ஆக, பட்டியலிலேயே இரண்டு பேர். இரண்டையும் அச்செடுத்தேன். அஞ்சம்மாள் நோட்டில் ஒட்டிவைத்திருந்த ஆறு கடன்களின் ரசீதுகளையும் ஸ்கேன் செய்தேன். எல்லாவற்றையும் இணைத்து இரண்டாவது ஆட்சேபம், கூடவே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஒரு மனு. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை.

இருபத்தேழு நாள் கழித்து ஏழாவது கடன் அவருடைய அறிக்கையிலிருந்து நீங்கியது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி இல்லை. மொத்தம் ஐம்பத்தோரு நாள். ஆனால் முதல் ஆட்சேபம் இருபத்துநான்காம் நாளே 'தீர்க்கப்பட்டது' அல்லவா? அதனால் அந்த நூறு ரூபாய்க்கும் வழியில்லை.

கடன் கைக்கு வந்தது புரட்டாசி ஐந்தாம் தேதி. பாதி ஊர் மீனைத் திரும்பிப் பார்க்காத மாதம். முனிகிருஷ்ணன் வேறொரு வண்டி பார்த்துக்கொடுத்தார். பச்சை நிறம், இடது பக்கம் நசுங்கியது, பன்னிரண்டாயிரம் கூடுதல். அஞ்சம்மாள் அதை எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஆரனை அழுத்தியே பிடித்தார். மாமா அலறியடித்து வெளியே ஓடிவந்தார்.

"இன்னாம்மே, கடைய இடிக்கப் போறியா?"

"இந்த ரோட்ல எத்தினி கண்டக்டருக்குக் கேக்குதோ கேக்கட்டும்!"

கார்த்திகையில் ஒரு மழைநாள். கடையில் நான் மட்டும் இருந்தேன். நெட்டை அஞ்சம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றாள். தன் பெயரில் இன்னும் எவ்வளவு கடன் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மாதம் ஐந்நூறாகவாவது கட்டித் தீர்த்துவிடலாமா என்று கேட்க வேண்டுமாம். இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு போன் இருந்தது. எண்ணைப் போட்டு அறிக்கையை இறக்கினேன்.

அறுபத்திரண்டாயிரம் இருந்தது. அதற்கு முன்னால், அவள் குழுவில் வாங்கிய ஒரே ஒரு பதினைந்தாயிரம். அதற்கும் முன்னால் ஆறு கடன்கள். கட்டத்துக்குக் கட்டம் 000, 000, 000. ஜுரத்தில் படுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் கூடை அஞ்சம்மாள் கொடுத்தனுப்பிய பணம். இங்கிருந்து அவற்றை நீக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"அந்த அறுபத்திரண்ட நீங்களா கேட்டு வாங்கினீங்க?" என்றேன்.

"இல்ல தம்பி. புள்ளைக்கு உடம்பு முடியலன்னு பத்தாயிரந்தான் கேட்டேன். அந்த ஆபீஸ் தம்பிதான் கம்ப்யூட்டரப் பாத்துட்டு சொன்னாரு, 'இன்னாம்மா, ஆறு லோனு வாங்கி ஒருநாள்கூட தவறாம கட்டிகிற, இம்மாம் நல்ல பேரு கீது உனக்கு, பத்து எதுக்கு, அறுபத்திரண்டா எடுத்துக்கோ'ன்னு. யாரும் என்னைய அப்பிடிச் சொன்னதில்ல. நானு ஆறு லோனு எங்க வாங்குனேன்னு கேக்கல. வாங்கிகினு வந்துட்டேன்."